ஐந்தாம் எண் வீட்டுக்கு வந்த கார்டுகள்

இந்த ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பங்களாவில் ஆரம்பித்துப் பங்களாவிலேயே முடிக்கிறார்கள். மரப்படி, ஓட்டுக்கூரை, வாசலில் படர்ந்த காகிதப்பூ என்று படம் போட்டுத் தடித்தடியாகப் புத்தகம் கொண்டுவருகிறார்கள். அந்தப் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தவர்கள் சாயங்காலம் எங்கே திரும்பிப் போனார்கள் என்று அவற்றில் ஒரு வரி கிடையாது. அவர்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். வாடகை வீட்டுக்கெல்லாம் ஏது வரலாறு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குத் தயார். என்னிடம் நூற்றுச் சொச்சம் தபால் கார்டுகள் இருக்கின்றன.

ஜீவனஹள்ளியில் நாங்கள் இருந்தது ஏழு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு அறை, அதன் மூலையில் குளிக்க ஒரு பள்ளம், மேலே சிமெண்ட் ஷீட். வரிசையின் கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ், நடுவில் ஒரே ஒரு குழாய். குழாயை நாங்கள் நல்லி என்றுதான் சொல்வோம். ஓனரின் தாத்தா காலத்தில் அது மாட்டுக் கொட்டகையாக இருந்ததாம். மாடுகளை விற்றபிறகு நடுநடுவே சுவர் எழுப்பி ஏழு குடும்பங்களைக் குடிவைத்திருக்கிறார்கள். மாடு கட்டிய இரும்பு வளையங்களைப் பிடுங்கக்கூட இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு வளையங்கள் இருந்தன. ஒன்றில் அப்பாவின் பிரஷ் பை தொங்கும், இன்னொன்றில் என் பள்ளிக்கூடப் பை.

அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அம்மா காக்ஸ் டவுனில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். ஓனரும் தமிழர்தான். மூன்று தலைமுறையாக இந்த ஊர், தாத்தா மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர், இவர் ஒரு கம்பெனியில் பெரிய அதிகாரி. இடத்தின் முன்பக்கம் மாடியோடு அவருடைய வீடு, பின்பக்கம் நாங்கள். அழகான தமிழ் பேசுவார், நிறையப் படிப்பார். வாடகைக்கு ரசீது மட்டும் கொடுக்கமாட்டார். கேட்டால், "நாமெல்லாம் ஒரே பாஷைக்காரங்க. நமக்குள்ள என்னம்மா ரசீது?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முன்னால் நாங்கள் ஒக்கலிபுரத்தில் இருந்தோம். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. எங்களை யாரும் அடிக்கவில்லை, எங்கள் கதவில் யாரும் கல் எறியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக் கன்னடக்கார அம்மாதான் எங்களுக்கு இரண்டு நாள் சோறு கொடுத்தாள். ஆனாலும் பயம். கதவைப் பூட்டிக்கொண்டு வாணியம்பாடியில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தால், எங்கள் பூட்டு இருந்த இடத்தில் வேறு பூட்டு. உள்ளே வேறு குடும்பம். எங்கள் பாத்திரம் பண்டமெல்லாம் இரண்டு கோணிப்பையில் கட்டி, சாக்கடையோரம் வைக்கப்பட்டிருந்தன.

அந்த வீட்டின் ஓனர் அப்பாவைப் பார்த்து, "நீ யாருப்பா? இங்க எப்ப இருந்தே?" என்று கேட்டார். ஆறு வருஷம் இருந்தோம் என்று அப்பா சொன்னார். "எங்க, காட்டு" என்றார் அவர். காட்ட ஒன்றுமில்லை. ரசீது கிடையாது. ரேஷன் கார்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டுத் தந்ததில்லை. அம்மா அக்கம்பக்கத்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களும் அதே ஓனரிடம் குடியிருப்பவர்கள், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் பிறந்து வளர்ந்ததில் பாதியை ஒரு ஆள் வாயால் ஊதி அணைத்துவிட்டான் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. அட்வான்ஸ் பணத்தோடு அந்த ஆறு வருஷமும் போயிற்று.

ஜீவனஹள்ளிக்கு வந்த மாதமே அம்மா தன் வேலையைத் தொடங்கினாள். அவள் வேலை செய்த வீடு ஒன்றில் ஏதோ சொத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா பழைய கடித உறைகளைப் பத்திரமாக அடுக்கி வைத்திருப்பாராம். எதற்கு என்று கேட்டதற்கு, தபால் முத்திரையில் தேதி இருக்கும், அது சர்க்கார் குத்தினது, யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்றாராம். அம்மாவுக்கு அது போதும். ஒரு பதினைந்து பைசா கார்டை வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுடீ."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நம்ம வூட்டு அட்ரஸ் போட்டு எனக்கு எழுது. மாசத்துக்கு ஒண்ணு வரணும்."

ஒரே விலாசத்தில் ஏழு வீடுகள் இருந்ததால் எங்கள் வீட்டுக்கென்று ஒரு எண் தேவைப்பட்டது. அம்மா சொல்லி அப்பா மிச்சமிருந்த நீல ஆயில் பெயிண்டால் கதவில் 5 என்று எழுதினார். ஓனர் வந்து பார்த்தார். "யாரும்மா நம்பர் போடச் சொன்னது?" என்றார். "தபால்காரர் சிரமப்படுறாரு சார்" என்றாள் அம்மா. அவர் ஆள் வைத்துச் சுரண்டினார். அம்மா மறுபடி எழுதவைத்தாள். அதையும் சுரண்டினார். மூன்றாவது முறை எழுதும்போது அப்பா கேட்காமலேயே மற்ற ஆறு கதவிலும் எண் போட்டுவிட்டு வந்தார். என் அப்பா தன் ஆயுளில் செய்த ஒரே கலகம் அதுதான். ஏழு கதவைச் சுரண்ட ஓனருக்கு அலுப்பு வந்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்.

கார்டில் என்ன எழுதுவது என்பதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் தகராறு. அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் இங்கதான் இருக்கேன்." உனக்கே நீ கடிதம் போட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். "சொன்னத எழுது. படிப்பு இருக்குன்னு ஜாஸ்தி பேசாத" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதுதான் என் தைரியம். அவள் சொன்னதை எழுதுவதுபோல் பாவனை செய்துவிட்டு, என் வாய்க்கு வந்ததை எழுதினேன். முதல் கார்டில் என்ன எழுதினேன் என்று இப்போதும் எடுத்துப் பார்க்க முடியும். "கக்கூஸ் வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகி முட்டிபோட வைத்தார்கள். எல்லாம் உன்னால்." அதில் உன் என்பது அம்மா.

எல்லாக் கார்டையும் ஒரே பெட்டியில் போட்டால் பொய்க் கார்டு என்று தெரிந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. அதனால் ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்த பெட்டியில் போடுவேன். ஒரு மாதம் ஆஸ்டின் டவுனில் இருந்த சித்தி வீட்டுக்குப் போகிற சாக்கில் அங்கே போடுவேன். இரண்டொரு நாளில் அது எங்கள் வாசலுக்கே வந்து சேரும். தபால்காரர் கன்னடக்காரர். கொஞ்ச நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார். "ஏனம்மா, நிமகே நீவே காகதா?" என்று சிரித்தார், உங்களுக்கு நீங்களே கடிதமா என்று. "ஆமாண்ணா. சீல் மட்டும் நல்லாப் பதியிற மாதிரி குத்தச் சொல்லுங்க" என்று அம்மா கன்னடத்தில் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு வந்த முத்திரைகளைப் பார்க்க வேண்டுமே. கார்டின் மறுபக்கம்வரை தடம் விழுந்திருக்கும்.

வந்த கார்டை ஒரு தபால் கம்பியில் குத்தி, மாட்டு வளையத்தில் தொங்கவிடுவாள். குத்துவதற்குமுன் தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள்.

"நான் சொன்னதத்தானே எழுதினே?"

"ஆமாம்மா."

பத்து வருஷம் இந்தப் பொய்யைச் சொன்னேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன். மழையில் ஷீட் ஒழுகியதை எழுதினேன். கோடையில் நல்லிக்கு ஓனர் பூட்டுப் போட்டதை, அவருடைய கார் கழுவிய பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் விட்டதை எழுதினேன். அம்மா என் காதைத் திருகியதை எழுதினேன். பத்தாம் வகுப்பில் தேறியதை, மேலே படிக்கவைக்காமல் கார்மெண்ட்ஸில் சேர்த்துவிட்டதை, அதற்காக ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்ததை எல்லாம் எழுதினேன். எனக்கென்று ஒரு மூலைகூட இல்லாத அந்த அறையில், அந்தக் கார்டுதான் என் மூலை. பேசாமல் இருந்த வாரத்திலும் கார்டு மட்டும் நிற்கவில்லை.

பிறகு ஊர் மாறியது. கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. வேலைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒரு கட்டிலுக்கே வாடகை என்ற காலம் வந்தது. மாட்டுக் கொட்டகையை இடித்து நாலு மாடி கட்ட ஓனர் முடிவு செய்தார். அது இரண்டாயிரத்து இரண்டு. அதற்கு முந்தைய வருஷமே ஒரு பத்திரத்தில் எல்லாரிடமும் கைநாட்டு வாங்கியிருந்தார். சும்மா ஒரு வழக்கத்துக்கு என்று சொன்னாராம். நான் வேலைக்குப் போயிருந்த நேரம். அம்மாவும் கட்டைவிரலை வைத்துவிட்டாள். அதில், இந்த இடத்துக்கு இப்போதுதான் வந்தோம், பதினொரு மாதம் இருந்துவிட்டு மறுபேச்சில்லாமல் போய்விடுவோம் என்று எழுதியிருந்தது. கார்டைப் பத்து வருஷம் சேர்த்தவள் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாளே என்று நான் கத்தினேன். "உன்ன மாதிரி படிச்சவ வூட்ல இல்லையே அப்ப" என்றாள்.

பதினொரு மாதம் முடிந்ததும் ஓனர் நல்லியைப் பூட்டினார். அட்வான்ஸ் பற்றிக் கேட்டால், போன வருஷம் வந்தவர்களுக்கு ஏது அட்வான்ஸ் என்றார். இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. அப்பாவும் போய்விடலாம் என்றார். சண்டை அவருக்கு ஆகாது.

"போவோம்யா. போகவே மாட்டேன்னா சொல்றேன்?" என்றாள் அம்மா. "ஆனா நாம இங்க இருந்ததே இல்லன்னு சொல்லி அனுப்புறாரு பாரு, அதுக்கு மட்டும் போக மாட்டேன். ஒரு தடவ போயிட்டு வந்தது போதும்."

அடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. நாங்கள் அத்துமீறிக் குடியிருக்கிறோம் என்று ஓனர் புகார் கொடுத்திருந்தார். மீதமிருந்த ஐந்து குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் போனோம். நான் அரை நாள் விடுப்புப் போட்டேன். அம்மா வளையத்திலிருந்து கம்பியை எடுத்து, முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர், கன்னடக்காரர். ஓனரை உட்காரச் சொன்னார், நாங்கள் நின்றோம். ஓனர் பத்திரத்தைக் காட்டினார். இரக்கப்பட்டு இடம் கொடுத்தேன், போன வருஷம் வந்தவர்கள் சார், இப்போது காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்றார். குரலில் அத்தனை வருத்தம். சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். "ஹத்து வருஷா சார்" என்றாள் அம்மா. பத்து வருஷத்துக்கு என்ன ஆதாரம் என்றார். அம்மா முந்தானையை விலக்கிக் கம்பியை மேஜைமேல் வைத்தாள்.

அவர் கம்பியிலிருந்து கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி முத்திரைகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஓனரின் முகம் மாறியது. ஆனால் அவர் படித்தவர், சட்டென்று சமாளித்தார். "இதெல்லாம் ஜோடிச்சது சார். இவங்களே எழுதிக்கிட்டது. கொடுங்க, என்ன எழுதியிருக்குன்னு நான் படிச்சுச் சொல்றேன்" என்று நடுவிலிருந்து ஒரு கார்டை எடுத்தார்.

அம்மா என்னைத் தைரியமாகப் பார்த்தாள். எல்லாக் கார்டிலும் நான் இங்கதான் இருக்கேன் என்று எழுதியிருக்கிறது என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஓனர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நல்ல உச்சரிப்போடு வாய்விட்டுப் படித்தார். "நேற்று ராத்திரி முழுக்க ஒழுகியது. அரிசிப் பானைக்குள் தண்ணீர். ஓனரிடம் சொன்னால், மழை என்றால் ஒழுகத்தான் செய்யும் என்கிறார். இந்த வீட்டில் மனுஷன் இருப்பானா? மாடுகூட இருக்காது. எப்போது காலி பண்ணப் போகிறோம்?"

படித்து முடித்தபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கன்னடத்தில் திருப்பிச் சொன்னார். பாருங்கள் சார், இவள் மகளே எழுதியிருக்கிறாள், மாடுகூட இருக்காதாம், காலி பண்ண வேண்டுமாம். இதைத்தானே சார் நானும் சொல்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அதில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேட்டார்.

ஓனர் கார்டைப் பார்த்தார்.

"படிங்க சார்" என்றாள் அம்மா.

"தொண்ணூற்று நாலு, ஆகஸ்ட்."

போன வருஷம் வந்தவர்களின் வீடு தொண்ணூற்று நாலில் எப்படி ஒழுகியது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர்கள் உங்களிடம் அப்போதே வந்து சொன்னதாக நீங்கள்தானே இப்போது படித்தீர்கள் என்றும் கேட்டார். ஓனர் பத்திரம், பத்திரம் என்று ஏதோ முனகினார். அம்மா கம்பியை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"இன்னொண்ணு படிங்க சார். இன்னும் நூத்துச் சொச்சம் இருக்குது. பொழுது இருக்குது, மெதுவாப் படிங்க."

எங்களோடு வந்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இது கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயம், காலி செய்யவைக்க வேண்டுமென்றால் அங்கே போங்கள், அதுவரை தண்ணீரைப் பூட்டக்கூடாது என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே நல்லி திறந்தது. ஓனர் கோர்ட்டுக்குப் போகவில்லை. நாங்கள் மேலும் மூன்று வருஷம் அங்கேயே இருந்தோம். அட்வான்ஸை முழுதாக வாங்கிக்கொண்டு, அம்மா பார்த்துச் சொன்ன ஒரு நல்ல நாளில் கிளம்பினோம். இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது. நிற்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஸ்டேஷனிலிருந்து திரும்பிய வழியைப் பற்றி. மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு முன்னால் போனார்கள். அம்மா கம்பியை முந்தானையால் மூடிக்கொண்டு பின்தங்கி நடந்தாள். ஜெயித்துவிட்டு வருகிறவள்போலவே இல்லை. பெட்டிக்கடைவரை வந்தபிறகு நின்றாள்.

"ஒண்ணுலயாவது நான் சொன்னத எழுதினியா?"

"இல்லம்மா."

"எல்லாத்துலயும் வூட்ட விட்டுப் போவணும்னா எழுதியிருக்கே?"

"பாதியில."

"மீதியில?"

"உன்னைத் திட்டி."

என்னை அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், நடுத்தெருவில் நின்று மூக்கை உறிஞ்சினேன். ஒரு எழுத்தும் தெரியாத ஒருத்தியைப் பத்து வருஷம் மாதாமாதம் ஏமாற்றியிருக்கிறேன். அவள் அதை ஓனரின் வாயால் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அதைவிட வெட்கமான நாள் இன்னும் வரவில்லை. அம்மா, "சரி விடு. நான் சொன்னத எழுதியிருந்தா அந்தாளு எங்க மாட்டியிருப்பான்?" என்றாள். ஆனால் அவள் சமாதானமாகிவிடவில்லை. வீட்டுக்குப் போனதும் ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இப்ப எழுது. பக்கத்துல குந்திப் பாக்குறேன்."

"உனக்குத்தான் எழுத்து தெரியாதே."

"உன் மூஞ்சி தெரியும்ல."

அந்த ஒரு வாக்கியத்தை எழுதினேன். மூன்றாம் நாள் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று எனக்கு விடுமுறை. அம்மா கார்டைக் கம்பியில் குத்தவில்லை, என்னிடம் வழக்கமான கேள்வியையும் கேட்கவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். ஓனர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், நீங்க தமிழ் நல்லாப் படிக்கிறீங்க" என்று அம்மா கார்டை நீட்டினாள். குரலில் கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். "என் பொண்ண நம்ப முடியல. சரியா எழுதியிருக்காளான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அவர் வாங்கவே மாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். பார்த்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்று படித்தார்.

"தேதி சார்?"

தேதியையும் படித்தார்.